பின்பக்க இடது ஸ்பீக்கர்

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் பிறந்தது. சிங்கப்பூர் தேக்கா சந்தையில் தேநீருக்காக வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் இருந்த இரண்டு பேர், அங்கே இல்லாத மூன்றாமவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சொன்னார்: "அவன் காதுக்குக் கோயில் கட்டணும் லா." மற்றவர் சிரித்தார். அது பாராட்டா நக்கலா என்று எனக்குப் பிடிபடுவதற்குள் என் முறை வந்துவிட்டது. கண்ணாடிக் குவளையோடு திரும்பிப் பார்த்தால் இருவரையும் காணோம்.

கையில் மிஞ்சியது ஒரு காது, ஒரு கோயில், ஒரு சிரிப்பு. மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. உண்மைச் சம்பவம் என்று அட்டையில் போட்டால் நன்றாக விற்கும் என்றார் பதிப்பாளர். அவருடைய எந்தப் புத்தகம் நன்றாக விற்றது என்று நான் கேட்கவில்லை.

தொடக்கத்துக்குத்தான் திண்டாட்டம்.

"பிடோக் அடுக்குமாடிகளின் மேல் அந்தி, மீட்டப்படாத ஒரு கிட்டாரைப் போல..."

(நிறுத்திவிட்டேன். எந்த ஊர் அந்தியும் கிட்டாரைப் போல இருப்பதில்லை. தவிர, கதை நடப்பது மத்தியானத்தில்.)

"இசை என்றால் என்ன? ஆதி மனிதன் முதன்முதலாகக் கல்லைக் கல்லில் தட்டியபோது..."

(இது கதை இல்லை, உயர்நிலைப் பள்ளிக் கட்டுரை. மாணவர் எழுதினால் மதிப்பெண் கிடைக்கும், வாசகர் கிடைக்கமாட்டார்.)

"ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பாட்டுக் கேட்பதற்காகத் துரைசாமி வீட்டுக்கு இரண்டு நண்பர்கள் வந்தார்கள்."

சுமார்தான். ஆனால் பொய் இல்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

துரைசாமி ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். சுத்தியல் சத்தமும் வெல்டிங் சத்தமுமாகக் கிடக்கும் இடத்தில் நாள் முழுக்கச் சுற்றி வந்து, "காதுல அடைப்பான் மாட்டு, காது போனா திரும்ப வராது" என்று அடுத்தவர் காதுகளைக் காப்பாற்றிய மனிதர். வீட்டுக்கு வந்ததும் தன் காதுகளை ராக் இசைக்கு ஒப்படைத்துவிடுவார்.

அவர் உயிராக நேசித்தது ஒரு பழைய ஆங்கில ராக் ஆல்பத்தை. அட்டையில் ஒரு குடை இருக்கும். மழை குடைக்குள்ளே பெய்யும், வெளியே வெயில் அடிக்கும். (குழுவின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. ராக் ரசிகர்கள் பிழை கண்டுபிடித்து மின்னஞ்சல் அனுப்புவதற்கென்றே பிறந்தவர்கள். குடை ஆல்பம் என்று வைத்துக்கொள்வோம்.) துரைசாமி தேசிய சேவைக்காகப் பட்டாளத்தில் இருந்த காலத்தில் அதை முதலில் கேட்டார். அதன் பிறகு நாடாவில், குறுந்தட்டில், கைப்பேசியில் என்று ஒரே ஆல்பத்தை ஆறேழு முறை வாங்கினார். சரக்கு மாறாமல் உறையை மட்டும் மாற்றி விற்பதற்குப் பெயர் தொழில்நுட்ப வளர்ச்சி.

இப்போது அது சரவுண்ட் சவுண்டில் வந்திருந்தது. பழைய ஸ்டீரியோவில் பாடகர், டிரம்ஸ், கிட்டார் எல்லாரும் நமக்கு முன்னால் நின்று வாசிப்பார்கள். சரவுண்டில் நம்மைச் சுற்றி நிற்பார்கள். முன்னால் மூன்று ஸ்பீக்கர், முதுகுக்குப் பின்னால் இடது வலதாக இரண்டு, மூலையில் தரை அதிர ஒரு பெட்டி. நடுவில் ஒரு நாற்காலி. அந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால்தான் எல்லாம் சரியாகக் கேட்கும். மூன்று பேர் கூடிக் கேட்க அழைத்துவிட்டு ஒருவருக்கு மட்டுமே வேலை செய்யும் கருவியை வைப்பது எந்த ஊர் விருந்தோம்பல் என்று துரைசாமியின் மனைவி இளமதி கேட்டாள். துரைசாமி அளவு நாடாவால் தரையை அளந்துகொண்டிருந்தார்.

[ஒரு முன்னெச்சரிக்கை. இந்தக் கதையைத் துரைசாமியின் தலைக்குள் உட்கார்ந்துகொண்டு சொல்கிறேன். அவர் பார்ப்பதைப் பார்ப்பேன், அவருக்குக் கேட்பது எனக்குக் கேட்கும். இப்போது இதுதான் நாகரிகம். எல்லாருடைய மனசுக்குள்ளும் புகுந்து புறப்படுகிற கதைசொல்லியை யாரும் மதிப்பதில்லை. இதில் ஒரு சிக்கல் இருப்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.]

3

சிக்கல் இதுதான்: துரைசாமிக்கு இடது காது கேட்காது.

திறமையான எழுத்தாளர் இதைக் கடைசிவரை ஒளித்துவைத்து உங்களைத் திடுக்கிட வைப்பார். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. ஒன்றரை வருடத்துக்கு முன் ஒரு காலையில் எழுந்தபோது, விமானம் இறங்கும்போது அடைத்துக்கொள்வதுபோல் அவருடைய இடது காது அடைத்திருந்தது. தண்ணீர் போயிருக்கும் என்று தலையைச் சாய்த்துத் தட்டினார். நல்லெண்ணெய் விட்டார். கொட்டாவி விட்டார். ஒரு மாதம் கழித்து மருத்துவரிடம் போனபோது, "ஏன் உடனே வரலை? இதுக்கெல்லாம் முதல் சில நாள்ல மருந்து குடுத்தாத்தான்" என்றார் அந்த இளம்பெண். பாதுகாப்பு அதிகாரி கட்டணத்தைக் கட்டிவிட்டு வந்தார்.

வீட்டில் சொல்லவில்லை. நண்பர்களிடம் சொல்லவே இல்லை. ரவூப்பும் சேவியரும் எந்த ஹெட்போன் வாங்குவதானாலும் துரைசாமியிடம் கேட்டுத்தான் வாங்குவார்கள். "இந்த வயர்ல பேஸ் கொஞ்சம் கலங்குது" என்று அவர் சொன்னால் வயரை மாற்றுவார்கள். அந்தப் பதவியிலிருந்து ஓய்வு பெற அவருக்கு மனம் வரவில்லை.

ஒன்றரை வருடம் மனைவிக்குத் தெரியாமல் எப்படி என்று நீங்கள் கேட்பீர்கள். திருமணமாகாதவர்கள் கேட்பார்கள். முப்பது வருடமாக எல்லாவற்றுக்கும் "ம்" என்று பதில் சொல்லிவந்த கணவருக்கு ஒரு காது போனால் வித்தியாசம் எப்படித் தெரியும்? முன்பு கேட்டுவிட்டு "ம்" என்றார், இப்போது கேட்காமல் "ம்" என்றார். தமிழில் இவ்வளவு உழைக்கிற எழுத்து வேறு இல்லை.

ஒரு பேருந்துச் சம்பவத்தை இங்கேதான் சொல்லவேண்டும். இரண்டு மாதத்துக்கு முன்பு, தேக்காவில் முருங்கைக்காயும் வஞ்சிரமும் வாங்கிக்கொண்டு இருவரும் பிடோக் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். இளமதி ஜன்னலோரம், துரைசாமிக்கு இடப்பக்கம். பேருந்து சிராங்கூன் சாலையைத் தாண்டியதும் அவள் பேசத் தொடங்கினாள்.

"(                                )"

வண்டி இரைச்சல் வலது காதை நிறைத்திருந்தது. ஜன்னல் கண்ணாடியில் அவள் உதடு அசைவது தெரிந்தது. துரைசாமி அப்போது குடை ஆல்பத்தின் சரவுண்ட் பதிப்பு வெளியாகும் தேதியை நினைத்துக்கொண்டிருந்தார்.

"ம்" என்றார்.

"(                )"

"ம். நல்லதுதானே."

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வெயில் படுகிறது போலிருக்கிறது என்று அவர் நினைத்தார்.

[அச்சுப்பிழை இல்லை. நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று முன்பே சொன்னேன். எனக்கும் கேட்கவில்லை.]

அதற்குப் பிறகு வீட்டில் சில மாற்றங்கள் நடந்தன. ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் இருக்கும் மகள் அனுப்ரியா அம்மாவுக்கு டிக்கெட் போட்டாள். பேத்தி பிறந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. இரண்டு மூன்று வாரம் இருந்துவிட்டு வருவாள் என்று துரைசாமி கணக்குப் போட்டார். இளமதி பெரிய பெட்டியாக இரண்டு இறக்கினாள். துணி துவைக்கும் இயந்திரத்தில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று அவருக்குக் காட்டினாள். ரசப்பொடி, சாம்பார்பொடி டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்டினாள். குளிருக்கு ஒரு கோட்டும் வாங்கினாள். மூன்று வாரத்துக்கு இவ்வளவா என்று ஒரு கணம் தோன்றியது. பெண்கள் பயணம் என்றால் அப்படித்தான் என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார். மேலும், அவள் ஊரில் இல்லாதபோது ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைக்கலாம்.

இந்த இடத்தில் எனக்குத் துரைசாமியின் மேல் நம்பிக்கை போய்விட்டது. இப்படியும் ஒரு மனிதன் இருப்பானா என்று எழுதுவதை ஒரு வாரம் நிறுத்திவைத்தேன். அப்புறம் என் மனைவி வந்து, "நான் சொன்னது காதுல விழுந்துச்சா?" என்று கேட்டாள். "ம்" என்றேன். மறுபடி எழுத உட்கார்ந்தேன்.

4

ஞாயிற்றுக்கிழமை. ரவூப் சமோசா வாங்கி வந்தார். கணித ஆசிரியராக இருந்தவர், எதற்கும் ஆதாரம் கேட்பவர். சேவியர் இளமையில் தேவாலய இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர். அதைப் பற்றி யாரும் கேட்காவிட்டாலும் சொல்வார்.

துரைசாமி நன்றாகத் தயார் செய்திருந்தார். ஒரே காதால் ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. ஆனால் இணையத்தில் இந்த ஆல்பத்தைப் பற்றி அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். எந்தப் பாட்டில், எந்த இடத்தில், எந்த ஸ்பீக்கரில் என்ன வரும் என்று அத்தனையும் இருந்தது. தாய்மொழி வாய்மொழித் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் பிள்ளையைப் போல அவர் படித்து வைத்திருந்தார்.

முதல் பாட்டில் மழை. "முன்னாடி ரெண்டு பக்கமும் கேக்குதா?" என்றார். கேட்டது. இரண்டாவது பாட்டில் ஆர்கன். "வலது பக்கம், பின்னாடி." சரியாக அங்கிருந்து வந்தது. ரவூப் மெச்சுதலாகத் தலையாட்டினார்.

மூன்றாவது பாட்டுத்தான் பேர்போனது. எல்லா வாத்தியமும் அடங்கி, பின்பக்க இடது ஸ்பீக்கரில் ஒற்றைக் கிட்டார் மட்டும் தொடங்கும். அது மெல்ல நகர்ந்து கேட்பவரை ஒரு சுற்றுச் சுற்றி வரும். அந்த இடம் வந்ததும், நடு நாற்காலியில் இருந்த துரைசாமி கண்ணை மூடி, ஒரு விரலை இடது தோளுக்குப் பின்னால் உயர்த்தினார்.

"வந்துட்டான்... கழுத்துக்குப் பின்னால மூச்சு விடறான் பாருங்க."

ரவூப் ரசனையோடு, "அம்மாடி, என்னா சுத்தம்!" என்றார்.

சேவியர் சும்மா இருப்பாரா? "விரல் கம்பியில வழுக்குற சத்தம்கூடக் கேக்குது. நான் வாசிக்கிறப்ப இதேதான்..."

தட்டில் காப்பியோடு வந்த இளமதி நின்றாள். "எந்த ஸ்பீக்கர்ல?"

"பின்னாடி, லெஃப்ட்டு."

"அதுலயா? என் பெட்டியை நகர்த்துறப்ப அதோட வயர் பிடுங்கிக்கிச்சே."

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். வயர் தரையில் கிடந்தது. அறுந்த பல்லிவால் போல என்று எழுத ஆசை, ஆனால் அது ஆடவே இல்லை. ஸ்பீக்கர், சாமி அலமாரிக்குப் பக்கத்தில் பேசாமல் நின்றுகொண்டிருந்தது. கிட்டார் அதற்குள் முன்பக்கம் வந்து, எல்லாருக்கும் நன்றாகக் கேட்கும்படி வாசிக்கத் தொடங்கியிருந்தது.

"காலையிலயே சொன்னேனே" என்றாள் இளமதி. "பேப்பர் படிச்சிட்டு இருந்தீங்க. பக்கத்துல நின்னு சொன்னேன். ம்னு சொன்னீங்களே?"

[இரண்டு காதும் நன்றாக இருந்த இரண்டு பேருக்கு எதுவும் கேட்கவில்லை. ஆளுக்கு ஆள், வயதாகிவிட்டது போலிருக்கிறது, மற்றவனுக்குக் கேட்கிறதே என்று பயந்துகொண்டு பாராட்டியிருக்கிறார்கள். இலக்கியக் கூட்டங்களுக்குப் போய்வருபவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.]

ரவூப் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார். அஸர் தொழுகைக்கு இன்னும் நேரம் கிடந்தது. சேவியருக்குத் திடீரென்று பாடற்குழு ஒத்திகை நினைவுக்கு வந்தது. கதவருகே ரவூப் திரும்பி, "துரை, ரைட் சைடு ரொம்ப நல்லா இருந்துச்சுப்பா" என்றார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

5

பாட்டை யாரும் நிறுத்தவில்லை. இளமதி தட்டைக் கீழே வைத்தாள். நாற்காலிக்கு இடப்பக்கம் வந்து நின்றாள்.

"(                    )"

"ம்" என்றார் துரைசாமி.

அவள் பக்கென்று சிரித்தாள். அவரும் சிரித்தார், நண்பர்களைப் பற்றி ஏதோ சொல்கிறாள் என்று.

"என்ன சொன்னேன்? சொல்லுங்க பாப்போம்."

அதை அவள் முன்னால் வந்து நின்று கேட்டதால் கேட்டது. அவர் ஸ்பீக்கர் பக்கம் பார்த்தார். சிரிப்பு அவள் முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போனது.

"எத்தனை நாளா?"

"ஒண்ணரை வருஷம் இருக்கும்."

"டாக்டரு?"

"பாத்தாச்சு. இனிமே வராதாம்."

"என்கிட்ட ஏங்க சொல்லலை?"

"பாட்டு கேக்குறவன்னு ஒரு பேரு இருக்குல்ல..." என்று தொடங்கி, அந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டார். நானும் அதை முடித்துவைக்கப் போவதில்லை.

இளமதி சோபாவில் உட்கார்ந்தாள். எதையோ பின்னோக்கி எண்ணிப் பார்ப்பவள்போல அவள் கண் அலைந்தது. ஒரு இடத்தில் நின்றது.

"அன்னிக்கு பஸ்ஸுல நான் கேட்டேனே. அது?"

"எந்த பஸ்ஸு?"

"தேக்காவுலேருந்து வந்தப்ப."

அவர் தலையை ஆட்டினார். இல்லை என்று.

இளமதி எழுந்து, நாற்காலியின் வலப்பக்கத்துக்கு வந்தாள். முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "அனு ஒரு வருஷம் வந்து இருங்கம்மாங்கிறா. அவ வேலைக்குப் போகணும், பிள்ளையைப் பாத்துக்க ஆள் இல்லை. எனக்கு உங்களைத் தனியா விட்டுட்டுப் போக மனசு இல்லை. நீங்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா நான் போகலை. போகட்டுமா? இதுதான் கேட்டேன்."

"ஒரு வருஷமா?"

"நீங்க, நல்லதுதானேன்னு சொன்னீங்க."

துரைசாமி அறை வாசலில் நின்ற இரண்டு பெட்டிகளைப் பார்த்தார். ரசப்பொடி டப்பா, துணி இயந்திரத்தின் பொத்தான், கோட்டு எல்லாம் இப்போதுதான் அவருக்கு ஒழுங்காகக் கேட்டன.

வெள்ளிக்கிழமை விமானம்.

6

முடிவு வேண்டும் என்கிறீர்கள். என்னிடம் இரண்டு இருந்தன.

முதல் முடிவில் துரைசாமி, "போகாதே மதி" என்கிறார். அவள் பெட்டியைத் திறந்து புடவைகளை எடுத்து மறுபடி அலமாரியில் வைக்கிறாள். பதிப்பாளருக்கு இது ரொம்பப் பிடித்தது. பெர்த்தில் கைக்குழந்தையோடு நிற்கும் அனுப்ரியாவை அவர் மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை.

இரண்டாவது முடிவில், "நீ போயிட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்கிறார். விமான நிலையத்தில் கையசைக்கிறார். காதுக்குக் கருவி மாட்டிக்கொள்கிறார். கைப்பேசியில் பேத்தியின் சிரிப்பு கேட்கிறது. இதை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது, அதனால் சந்தேகப்பட்டுக் கிழித்துப்போட்டேன்.

நடந்தது இவ்வளவுதான்.

இந்த முறை துரைசாமிக்குக் கேட்டது. ஒவ்வொரு சொல்லும் கேட்டது. கேட்ட பிறகு "ம்" என்பது எவ்வளவு கடினம் என்று அவருக்கு முன்பு தெரிந்ததில்லை.

"இப்ப நான் போகாதேன்னு சொன்னா, காது போச்சு, அதான் பயந்து சொல்றேன்னு நினைப்பே."

"நினைப்பேன்தான்."

"அப்ப போன்னு சொன்னா?"

"அதான் ஏற்கெனவே சொல்லிட்டீங்களே." குரலில் கோபம் இருந்தது. ரொம்ப நாள் மடித்து வைத்திருந்த கோபம். "ரெண்டு மாசமா உங்க மேல எவ்வளவு வெறுத்துப்போய் இருந்தேன் தெரியுமா? ஒரு வார்த்தை வேண்டாம்னு சொல்லத் தோணலையே இந்த மனுஷனுக்குன்னு. அந்த ஆத்திரத்துலதான் பெட்டி கட்டினேன்."

"இப்பத்தான் தெரிஞ்சிருச்சே, எனக்கு அன்னிக்குக் கேக்கலைன்னு."

"தெரிஞ்சிருச்சு." அவள் பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தாள். "ஆனா கட்டக் கட்ட எனக்கே போகணும்னு ஆசை வந்திருச்சுங்க. காலையில பிள்ளையைத் தள்ளுவண்டியில வச்சுக் கடலோரம் நடக்கலாம்னு அனு படம் அனுப்பினா. அதையே பாத்துக்கிட்டு இருக்கேன். நீங்க இப்ப போகாதேன்னு சொல்லிட்டா, என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலை."

துரைசாமி மண்டியிட்டு, வயரைத் தேடி எடுத்து, பின்பக்க இடது ஸ்பீக்கரில் செருகித் திருகினார். பிறகு நாற்காலியைக் காட்டினார்.

"நீ உக்காரு."

"நானா? எனக்கு இந்தக் கூச்சலெல்லாம்..."

"உக்காரு மதி. எனக்கு யாராவது சொல்லணும்."

இளமதி அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. துரைசாமி வலப்பக்கம் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, மூன்றாவது பாட்டை முதலிலிருந்து போட்டார். எல்லா வாத்தியமும் அடங்கியது. அவள் சட்டென்று திரும்பிப் பின்னால் பார்த்தாள். யாரோ வீட்டுக்குள் வந்துவிட்டதுபோல.

"வருதா?" என்றார். அவள் குரல் எட்டுவதற்காக உடம்பை முழுக்கத் திருப்பி, வலது காதை அவள் பக்கம் நீட்டிக்கொண்டார்.

"வருது. இங்க... இப்ப தோள்கிட்ட. இருங்க." கண்ணை மூடினாள். "வாசிக்கிறதுக்கு முன்னாடி ஒருத்தன் மூச்சு இழுத்தான். நாற்காலி ஒண்ணு கிறீச்சுன்னுது. இப்பத்தான் வாசிக்கிறான்."

இதை அமெரிக்காவில் யாரும் எழுதவில்லை, ஜெர்மனியிலும் எழுதவில்லை. துரைசாமி கேட்டுக்கொண்டிருந்தார். அவள் கை உயர்ந்து, கிட்டார் போகிற பக்கமெல்லாம் மெல்ல நகர்ந்து சுற்றியது. அந்தக் கையைப் பார்த்துப் பார்த்து, பாட்டு எங்கே இருக்கிறது என்று அவர் தெரிந்துகொண்டார்.

கை ஒரு முழுச் சுற்று வந்து மடியில் இறங்கியது. டிரம்ஸ் தொடங்கிவிட்டது, வீடு அதிர்ந்தது. துரைசாமி ஒலியைக் குறைக்க முன்பக்கம் திரும்பி, ரிமோட்டைத் தேடினார். இப்போது இளமதி அவருக்கு இடப்பக்கம் இருந்தாள்.

அவள் அப்போது ஏதோ சொன்னாள்.

"(                              )"

நான் கடைசிவரை அவர் தலைக்குள்ளேயேதான் இருந்தேன். போகிறேன் என்றாளா, இருக்கிறேன் என்றாளா, சத்தத்தைக் குறைக்கச் சொன்னாளா, எனக்குத் தெரியாது. நீங்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்து படித்தீர்கள் என்றும் எனக்குத் தெரியாது. உங்களுக்குக் கேட்டிருந்தால் என்னிடம் சொல்லவேண்டாம், அவரிடம் சொல்லுங்கள். வலப்பக்கமாகப் போய் நின்று சொல்லுங்கள்.